கேட்கச் சொன்ன மன்னிப்பு

என் தம்பி வைத்த பேனரை நான்தான் கிழித்தேன். கும்மிடிப்பூண்டி பைபாஸிலிருந்து தொழிற்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில், கம்பெனி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்க்க, சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கிழித்தேன். பேனரில் என் மகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். கீழே "அந்நிய நாட்டை அலறவிட்ட எங்கள் வீட்டு டாக்டர்" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே என் தம்பியின் படம், அவளுடையதைவிடப் பெரிதாக.

மகள் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள். நாலாவது வருஷம். நான் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன், அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். ஆரணிப் பக்கம் இருந்த நிலத்தை விற்று அனுப்பினோம். எங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர் அந்த நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பும்போது என்னென்னவோ கேட்டோம். தமிழ்ச் சாப்பாடு கிடைக்குமா, பெண்களுக்குத் தனி ஹாஸ்டலா, அந்தப் பட்டம் இங்கே செல்லுமா. அங்கே வாயைத் திறந்து பேசலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

போன குளிர்காலத்தில் ஹாஸ்டலில் ஹீட்டர் ஓடவில்லை. கரண்ட் வந்து வந்து போனது. வீடியோ காலில் பார்த்தேன். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா, பேசினால் வாயிலிருந்து புகை. ரூமுக்குள்ளேயே. காலேஜைத் திட்டிவிட்டுப் போனை வைப்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

அப்போது ஒரு பெண் நிருபர் ஹாஸ்டல் வாசலுக்கு வந்திருக்கிறாள். இன்டர்நெட்டில் மட்டும் ஓடுகிற சின்ன சேனல். மகள் அன்று சாயங்காலமே எனக்குச் சொன்னாள்.

"போன்லதான் மா எடுத்தாங்க. எல்லாரும் வந்து நின்னாளுங்க, ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான்தான் எனக்குத் தெரிஞ்ச ரஷ்யன்ல சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"ஹீட்டர் ஓடல, கிளவுஸ் போட்டுக்கினு படிக்கிறோம்னு. அவ்ளோதான்."

அந்த வீடியோவை அந்த ஊரிலேயே அதிகம் பேர் பார்க்கவில்லை. அப்படியே கிடந்திருக்கும். என் தம்பி விடவில்லை. அவனுக்கு மருமகள் மேல் உயிர், விளம்பரத்தின் மேல் அதைவிட உயிர். எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், பத்தாவது பாஸ் பண்ணினாலும் பேனர். அவள் வெளிநாட்டுச் சேனலில் வந்திருக்கிறாள் என்றால் சும்மா இருப்பானா. வீடியோவை வாங்கிப் போய் இங்கே இருக்கிற ஒரு யூடியூப் சேனல்காரனிடம் கொடுத்தான். அவன் பின்னாலே மேளம் போட்டு, "உறைபனியில் சீறிய தமிழச்சி! நடுங்கியது கிர்கிஸ்தான் அரசு!" என்று தலைப்பு வைத்தான். என் மகள் ஹீட்டர் ஓடவில்லை என்றுதான் சொன்னாள். நடுங்கியதும் அவள்தான், குளிரில்.

அது ஓடோ ஓடு என்று ஓடியது. அவளோடு படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளே ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். காலேஜ் ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்தது.

திருவள்ளூரில் இருக்கிற ஏஜென்ட் எனக்குப் போன் செய்தார். மகளைச் சேர்த்துவிட்டவர். லீவு போட்டுவிட்டு அவர் ஆபீசுக்குப் போனேன். தம்பியும் கூடவே வந்தான். அதற்கு முந்தின நாள்தான் பேனர் கிழிபட்டிருந்தது, எங்களுக்குள் பேச்சு இல்லை.

"சிம்பிள் மேட்டர் மேடம்," என்றார் ஏஜென்ட். "அரை நிமிஷ வீடியோ. அந்த நிருபர் பொம்பள சொல்லிக் குடுத்து நான் சொல்லிட்டேன், அது பொய், மன்னிச்சுக்குங்கன்னு உங்க பொண்ணு சொல்லணும். அவ்ளோதான். காலேஜ் பேஜ்ல போட்டுப்பாங்க."

"யாரும் சொல்லிக் குடுக்கலியே."

"தெரியும் மேடம். அங்க அது சகஜம். பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் எதையாவது பேசிட்டு, அப்புறம் கேமரா முன்னாடி நின்னு சாரி சொல்லிடுவாங்க. ஒரு பழக்கம் மாதிரி."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உள்ள இருக்காங்களாம். வேற ஏதோ செய்தி விஷயமா. பொய்ச் செய்தி, ஜனங்களத் தூண்டி விட்டாங்கன்னு கேஸ். நமக்கு எதுக்கு மேடம் அது?"

"சொல்லலன்னா?"

"பேரை எடுத்துடுவாங்க. விசா காலேஜ் கையில இருக்குது."

அதுவரை வாய் மூடியிருந்த என் தம்பி, "அக்கா, நம்ம வேணா இங்கருந்து கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுக்கலாமா?" என்றான்.

"நீ இன்னொரு பேனர் வெய்யி," என்றேன். "எந்த ஊர்லயாவது ஒன்னு பாக்கி கீதான்னு பாரு. பள்ளிப்பட்டு வரைக்கும் போய் வெய்யி."

ஏஜென்ட் சிரித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் முதல் நினைப்பு, சொல்லித் தொலைக்கட்டும் என்பதுதான். நாலு வருஷப் படிப்பு. விற்ற நிலம் திரும்ப வராது. அந்த நிருபர் யாரோ, எந்த மொழியோ. அவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள், என் மகள் சொல்லும் ஒரு வார்த்தையில் புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது. திரும்பி வரும்போது ரயிலில் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆனால் மன்னிப்பு வீடியோ எனக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை. எங்கள் பக்கத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒருவர், ஏரியில் சாக்கடை மாதிரி கறுப்புத் தண்ணீர் கலக்கிறது என்று போனில் எடுத்துப் போட்டார். யார் யாரோ அவர் வீட்டுக்கு வந்து போனார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. "விஷயம் தெரியாம போட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று கை கட்டிக்கொண்டு சொன்னார். அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் ஜனங்கள் சிரித்தார்கள். தண்ணீர் கறுப்பாகவேதான் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனோம். ஆனாலும் அவர் பொய் சொன்னவர் என்று ஆகிவிட்டது. அந்த வீடியோ அதற்காகத்தான் எடுக்கப்படுகிறது. கேட்பவனுக்கு மன்னிப்பு தேவையே இல்லை. நம் வாயாலேயே நம்மைப் பொய்யராக்க வேண்டும். என் மகள் விஷயத்தில் அதைவிட மோசம். அவள் தன்னை மட்டுமல்ல, ஜெயிலில் இருக்கிற இன்னொருத்தியையும் பொய்க்காரியாக்க வேண்டும்.

இவ்வளவு யோசித்தும் வீட்டுக்கு வந்து போன் செய்தபோது என் வாயில் வந்தது வேறு.

"சொல்லிட்டு வேலையப் பாருடி. பரீச்சை வருது."

"மா, ரூம் ஐஸா இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"நீதான பாத்த. கண்ணால பாத்த."

"பாத்தேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அந்த அக்கா என்னை ஒன்னுமே சொல்லச் சொல்லல மா. பேரு போடட்டுமா, மொகம் காட்டட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நான்தான் போடுங்கன்னேன். எடுத்து முடிச்சிட்டு அவங்க கிளவுஸக் கழட்டி எனக்குக் குடுத்துட்டுப் போனாங்க."

அவளுக்குப் பின்னால் ரூம் பெண்கள் ஏதோ தாளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"உங்கப்பாவக் கேளு," என்றேன்.

"கேட்டேன். நாக்பூர்ல இருக்காராம். அம்மாவக் கேளுன்னாரு."

அவள் வீடியோ எடுத்தாள். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. காலேஜைக் கேட்காமல் சேனலுக்குப் பேசியது தப்பு, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், என்ன பேச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ரூம் குளிராகத்தான் இருந்தது. இதுதான் அவள் சொன்னது. காலேஜ் அதைப் போடவில்லை. ஒரு செமஸ்டர் வெளியே இருக்கச் சொன்னார்கள். செப்டம்பரில் சேர்ப்பதைப் பற்றி அப்போது பார்க்கலாம் என்றார்கள். ஏஜென்ட் எனக்குப் போன் செய்து, "பேஜாரு பண்ணிட்டீங்க மேடம்" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவள் ஊருக்கு வந்தாள். சொந்தக்காரர்கள் வந்து, ஏன் பாதியில் வந்துவிட்டாள், ஏதாவது காதல் கீதலா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ஹீட்டர் ஓடவில்லை என்று சொன்னதற்காக அனுப்பிவிட்டார்கள் என்று நேராகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. காதலாக இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள்.

யூடியூப் சேனல்காரன் மைக்கோடு வந்தான், தம்பிதான் கூட்டிவந்தான். துடைப்பத்தைத் தேடினேன். மகள் தடுத்து, அவனை உட்காரவைத்தாள்.

"அண்ணா, அந்த நிருபர் உள்ள இருக்காங்க. அதப் போடுவீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது பாரின் மேட்டர்மா. இங்க யாரு பாப்பா? நீ அழுதுக்கினே உன் கதையச் சொல்லு, அதுல நடுவுல ஒரு வரி வெச்சுக்கலாம்."

"எனக்கு அழுகை வரல."

"டப்பிங்ல பாத்துக்கலாம்," என்றான் தம்பி. நான் துடைப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

போன மாதம் அவள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்த நிருபருக்காக வாதாடுகிற வக்கீலிடமிருந்து, ஹாஸ்டல் பெண்கள் மூலமாக அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கிறார் என்றும் கேஸில் இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் பேசிய வீடியோவைக் கோர்ட்டில் காட்ட எங்களுக்குத் தர முடியுமா, தராவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் படிப்பு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும் என்று இருந்தது. மகள் அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். கொடுத்தால் செப்டம்பர் போச்சு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் மேல் கோபமா, அந்த வக்கீல் மேலா, இத்தனை மரியாதையாகக் கேட்டதாலா, தெரியவில்லை. கம்பெனியில் டப்பா மாற்றி லேபிள் ஒட்டி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் வீட்டிலும் ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

மூன்றாவது நாள் வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"அனுப்பிடு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அன்னிக்கே அனுப்பிட்டேன் மா."

"அப்பறம் இன்னாத்துக்குடி என்னக் கேட்ட?"

"கேக்கல. படிச்சுக் காட்டினேன்."

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். திட்டி முடித்ததும் தட்டு வைத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். காலேஜிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. கேஸ் ஒத்திவைத்திருக்கிறார்களாம்.