சார்ஜ் கொடுக்காமல் போனவன்

ஒரு நல்ல தொழிலாளிக்கு நான் சார்ஜ் ஷீட் வாங்கிக் கொடுத்தேன். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் சிரிக்கச் சிரிக்க ஏதாவது எழுதுகிறவன், இந்த வாரம் ஏன் இப்படி ஆரம்பிக்கிறான் என்று பார்க்கிறீர்களா? காரணம், பூந்தமல்லியில் ஒரு பேட்டரி கடை.

போன மாதம் என் பழைய ஸ்கூட்டரின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார்ஜ் நிக்காது சார். நைட்டு பூரா போட்டு வெச்சாலும் காலைல புஸ்ஸுனு பூடும்."

"சரி, ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்."

"போடலாம். சார்ஜ் போடறதுக்கு சார்ஜ் ஆவும்... பரவால்லியா?"

இந்த ஒற்றைச் சொல்லை நாம் என்ன பாடு படுத்துகிறோம்! பேட்டரிக்கு ஏற்றுவது சார்ஜ். பஸ்ஸில் கொடுப்பது சார்ஜ். போலீஸ் தடியை எடுத்தால் லத்தி சார்ஜ். புது அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் 'சார்ஜ் எடுத்துக்கிட்டார்'. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றால், வேறென்ன... கரண்ட் சார்ஜ்!

இதையே வைத்து ஒரு வாரத்தை ஒப்பேற்றிவிடலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார்ஜ்மேன் சார்! சௌக்கியமா கீறீங்களா?"

என்னோடு வேலை பார்த்தவர். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் சார்ஜ்மேனாக இருந்தேன் — ஷாப்பில், அதாவது மெஷின்கள் ஓடும் பட்டறையில், தொழிலாளர்களை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகம். அவரவர் நலம் விசாரித்தோம். கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம 'காது' ஏகாம்பரம் வெள்ளானூர்ல ஊடு கட்டிகினு போய்ட்டாரு, தெரியுமா சார்?"

காது ஏகாம்பரம். அந்தப் பட்டப்பெயர் இன்னுமா உயிரோடிருக்கிறது? அது என்னால் வந்த பெயர்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து போகிறவர், எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று வருகிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் பெயர் 'சார்ஜ் கொடுப்பது'. எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம். ஒரு பெரிய லேத்தில் ஆயில் பம்ப் அடைத்துக்கொண்டு விட்டது. ரிப்பேர் ஆகும்வரை அதை ஓட்டக் கூடாது. அடுத்து வரப்போகிறவர் ஏகாம்பரம். அவரிடம் நான் சொல்ல வேண்டும். ஏதோ அவசரம்... சைரன் ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

அவர் வந்தார். மெஷினைப் போட்டார். எண்ணெய் இல்லாமல் ஓடி, கியரெல்லாம் உடைந்துபோனது.

விசாரணையில் அதிகாரி என்னைக் கேட்டார். "மெஷினைத் தொடக் கூடாதுன்னு இவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அய்யோ, இல்ல சார்!" என்றார் ஏகாம்பரம். "நான் வர சொல்லோ அவுரு அங்க இல்லவே இல்ல சார்!"

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார்ஜ்மேன் பேச்சை நம்பாமல் ஆபரேட்டர் பேச்சையா நம்புவார்கள்? ஏகாம்பரத்துக்கு சார்ஜ் ஷீட் வந்தது. அந்த வருடம் அவரே சார்ஜ்மேன் ஆகியிருக்க வேண்டியவர், அதுவும் போயிற்று. ஆபரேட்டராகவே ரிடையர் ஆனார். கேன்டீனில் அவரைக் கண்டால் போதும், யாராவது ஒருவன் கத்துவான்: "இன்னா அண்ணாத்தே, காதுல வுழுதா?" மேஜை முழுக்கச் சிரிக்கும்.

நானா? ஃபோர்மேன் ஆனேன்.

பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வெள்ளானூருக்குப் போனேன். பூச்சு வேலை பாக்கியிருந்த சின்ன வீடு. ஏகாம்பரம் நாற்காலி போட்டார். உட்காராமலே சொன்னேன். "அன்னைக்கு நான் சொல்லலை. சொன்னேன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"இத இன்னாத்துக்கு சார் எங்கிட்ட சொல்ற? நீ சொல்லலன்னு எனக்குத் தெரியாதா? அங்க நின்னவன் நான்தான?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "கனகா! இங்க வந்துட்டுப் போ. சார் இன்னாவோ சொல்றாரு, கேளு."

அவர் மனைவி காபியோடு வந்தார். அவரிடமும் சொன்னேன்.

 கனகா அம்மாள் கணவரைப் பார்த்தார்.

"நீ சொல்லிகினேதான் இருந்த... நான்தான் நம்பல. ஒவ்வொரு சண்டைக்கும், 'அன்னிக்கே காதுல வாங்கியிருந்தா நல்லா இருந்திருப்போம்'னு உன்ன குத்திகினே இருந்தேனேய்யா..."

எனக்கென்று கொண்டுவந்த காபியை ஏகாம்பரத்திடம் கொடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"வாராவாரம் பேப்பர்ல எழுதறியாமே சார்? கொசு கடிச்சா எழுதற, குடை தொலைஞ்சா எழுதற. இத எழுதேன். சிரிச்சவன்லாம் படிக்கட்டும்."

நியாயம்தானே? எழுதினேன். போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு மறுபடி போய், இருவருக்கும் படித்துக் காட்டினேன். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இந்த முறை எனக்கும் காபி வந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கனகா அம்மாள் கேட்டார்:

"எல்லாம் சரி. 'ஏதோ அவசரம்'னு எழுதிகீறியே... இன்னா அவசரம்?"

மேலே நீங்களும் அதைப் படித்தீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அப்படி எழுதியிருந்தேன்.

வேறு வழியில்லை, சொன்னேன். அப்போதுதான் டி.வி. வாங்கியிருந்தோம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே முதல் டி.வி. ஞாயிறு சாயங்காலம் படம் போடுவார்கள். அக்கம்பக்கமெல்லாம் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடும். அவர்கள் எதிரில் நானே போய் அதைப் போட வேண்டும் என்று ஒரு பெருமை... அதற்காகத்தான் ஓடினேன்.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "படமா சார்? அடப் போ சார்!"

கனகா அம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னா படம்?"

யோசித்துப் பார்த்தேன். காபி ஆறும்வரை யோசித்தேன். வீட்டுக்கு வந்தும் யோசித்தேன்.

ஞாபகம் இல்லை.