ரியனின் முயாராவும் தகனினி வேலியும்

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சம்பந்தியம்மா ரியனை வீட்டுக்கு வெளியே கிளப்புவதற்காகவே புறப்பட்டோம். வேல்ஸிலிருந்து வந்து ஒரு மாதம். அங்கே அவர் தனியாள். இங்கே என் மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது; ஆக்லாந்திலேயே எங்களோடு தங்கிவிடுங்கள் அம்மா என்று மருமகன் கெஞ்சுகிறான். "பார்க்கலாம்" என்கிறார் ரியன். செவ்வாய்க்கிழமை விமானம். எனக்கு அவரை விட மனமேயில்லை.

காரில் ஏறியதும், ஊரில் ஓய்வு நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முயாரா" என்றார். முள்புதரில் காய்க்கும் பிளாக்பெரிப் பழம் பறிக்கப் போவதற்கு அந்த ஒரு சொல் போதுமாம். பழத்தின் பெயரே வினையாகிவிடுகிறது. நான் பறித்தேன் என்றால் முயாரைஸ். பறிக்கப் போகிறோம் என்னும்போது முதலெழுத்தே மாறி வுயாரா. மட்டி பொறுக்குவதற்கு வேறொரு வினை, கொகொசா. அட, தமிழில் மாம்பழத்துக்கு இப்படி ஒன்று இல்லாமல் போயிற்றே!

அப்படியானால் பறிக்கவே போவோம் என்று, எங்கள் நியூ லின்னிலிருந்து பன்னிரண்டு நிமிட ஓட்டத்தில் ஓர் ஓடைக்கரைக்குக் காரை விட்டேன். புதரெல்லாம் கறுப்பாய்ப் பழம், பறிக்க ஒரு ஆளில்லை. ஆக்லாந்துக்காரருக்குத் தின்னத் தெரியவில்லையாக்கும் என்று நக்கலடித்தேன். ரியன் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அரை வாளி நிறைந்தபோது நாயோடு வந்த ஒருவர் புல்லுக்குள் நின்ற அறிவிப்புப் பலகையைக் காட்டினார். களைகொல்லி தெளித்திருக்கிறார்கள். இந்த நாட்டில் பிளாக்பெரி ஒரு களைச்செடி. நல்லவேளை, ஒன்றையும் வாயில் போடவில்லை.

வாளியைக் குப்பையில் கொட்டிவிட்டு ரியன் காரில் ஏறினார். எனக்குப் பெரும் சங்கடமாகிவிட்டது. தகனினியில் இருக்கும் சிவம் அண்ணைக்குப் போன் போட்டேன்.

"ஓம், பின்வேலியில பத்தையா நிக்குது. மருந்தொண்டும் அடிக்கேல்ல. அடுத்த கிழமை வெட்டத்தான் ஆள் பிடிச்சிருக்கிறன். வாங்கோ."

மோட்டர்வேயில் முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ரியன் கையெல்லாம் முள் கீறக் கீறப் பறித்தார். உதடு ஊதா நிறமாயிற்று. வாளி நிறைந்ததும், இனி வெட்டலாம்தானே என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெட்டாதீர்கள்" என்றார் ரியன். "அடுத்த பெப்ரவரியில் நான் இங்கேதான் இருப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, விடுறன்" என்றார்.

போக நினைப்பவர்கள் பெப்ரவரியில் போங்கள். நீளக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் வேண்டும். பொது இடத்துப் பழத்தை நம்பாதீர்கள், தெரிந்தவர்களின் வேலியைக் கேளுங்கள். தகனினி வேலியை மட்டும் கேட்க வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது.