செய்னம்பு ராத்தா திருப்பி அனுப்பிய கைகள்

செய்னம்பு ராத்தா இருபது நாட்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இறந்தார். மகள் நூர்ஜஹான் சான்பாடாவில் உள்ள தன் வீட்டிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, "உம்மா மவுத்தாயிட்டாங்க மாமா" என்றார். மருத்துவமனைச் சான்றில் வயது அறுபத்தொன்று என்று இருக்கிறது. அது பிழை. பாஸ்போர்ட்டின்படி அறுபத்து மூன்று. அன்று மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது.

அன்று மாலை, செம்பூரில் கையால் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் விற்கும் பாஸ்கரன் தன் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரங்கல் செய்தி போட்டார். இரண்டே வாக்கியம்: "நம் கிட்டார்களைப் பல ஆண்டுகள் துடைத்து உறையில் போட்டுத் தந்த அம்மா மறைந்தார். அவர் என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை."

இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது பொய். அந்த முதல் வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராத்தாவை அறிந்தவர்கள் இங்கே ஆறுதல் தேட வேண்டாம்.

அவர் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்கரனின் செம்பூர்ப் பட்டறையிலிருந்து கிட்டார் தாராவியில் ராத்தாவின் அறைக்கு வரும்போது பார்வைக்கு முழுதாக இருக்கும். மரம் அறுத்து, கழுத்தைப் பொருத்தி, மின்சுருள் வைத்து, வண்ணமும் அடித்திருப்பார்கள். ஆனால் வாசிக்க முடியாது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளை ஃப்ரெட் என்பார்கள். அவற்றில் ஒன்று ஒரு தாளின் கனம் தூக்கியிருந்தாலும் கம்பி அதில் உரசி இரையும். ராத்தா எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அராவி, ஒவ்வொன்றின் முதுகையும் உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார். கழுத்தின் விளிம்பை உள்ளங்கைக்குத் தெரியாத அளவு மழுக்குவார். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டில் ஆறு பள்ளங்களை அராவி இறக்குவார். ஒரு கிட்டாருக்குப் பத்து நாள் பிடிக்கும்.

அதற்கு முன் அவர் தாராவியில் தோல் பைகளுக்கு விளிம்பு தீட்டிக்கொண்டிருந்தார். கிட்டார் உறை தைக்கச் சொல்ல வந்த பாஸ்கரன், அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இந்த வேலையைச் செய்து தர முடியுமா என்று கேட்டார். ராத்தா ஒரு நிபந்தனை போட்டார். வாசிக்கப் போகிறவரின் கையைப் பார்க்க வேண்டும். "செருப்புத் தைக்கிறவன் காலைத் தாள்ல வச்சு வரைஞ்சுக்கிடுவான்லா. கையைப் பாக்காம கிட்டாரை எப்படி முடிக்க?" என்று கேட்டாராம். வாடிக்கையாளர் தாராவிப் படியேறி வந்து ராத்தாவைச் சந்திப்பது பாஸ்கரனுக்கு ஒத்துவராது. அதனால் அவர் கடையிலேயே வாடிக்கையாளரின் இடது கையைப் பழுப்புத் தாளில் வைத்து வரைந்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, கிட்டாரோடு அனுப்பத் தொடங்கினார். தாளின் பின்பக்கத்தில் ராத்தா தமிழில் தன் வேலைக் குறிப்பை எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும் அந்தத் தாள் சமையல் அலமாரியில் விரிப்பாகிவிடும்.

கூலி விஷயத்தில் பாஸ்கரன் நேர்மையானவர். ராத்தாவே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் என் பங்கு நல்லதாக இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் பாஸ்கரனைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு கிட்டாரையும் கடைசியில் அவரே தன் கையால் முடிக்கிறார், அதற்காக வாடிக்கையாளரின் கையை வரைந்து வைத்துப் படிக்கிறார் என்று எழுதினேன். அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஓர் அரங்கில் அவருக்குப் பாராட்டு விழா. என் கட்டுரையைப் பெரிதாக்கி மேடையில் வைத்திருந்தார்கள். ராத்தா மகளோடு போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்கரன் அவரைப் பார்த்துவிட்டார். யாராவது விசாரிக்கும் முன் தானே முந்திக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில், "இந்த அம்மாதான் எல்லாத்தையும் துடைச்சு உறையில போட்டுத் தர்றாங்க, ரொம்பச் சுத்தம்" என்றார். அரங்கம் கைதட்டியது. ராத்தா எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை அவரை எனக்குத் தெரியாது. அக்கா என்ற பொருளில் ராத்தா என்று அழைக்கத் தொடங்கியது பிறகுதான். என் கட்டுரையை மேசையில் விரித்து, பாஸ்கரன் அரத்தோடு நிற்கும் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"அரத்தை எப்படிப் பிடிச்சிருக்கார்னு பாத்தியளா தம்பி? மீன் செதில் உரசுத மாதிரி. சரி, அவர் அராவுததை நீங்க கண்ணால பாத்தியளா?"

பார்க்கவில்லை. பாஸ்கரன் சொன்னார், எழுதிக்கொண்டேன். படத்துக்காக ஒரு நிமிடம் நின்றார்.

"அப்பப் பாக்காததைத்தான் எழுதியிருக்கிய."

பத்திரிகைத் தொழிலில் அப்போது எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. மூன்று நாட்கள் தாராவிக்குப் போய், மாடியில் இருந்த அவருடைய ஒற்றை அறையில் உட்கார்ந்து, ஒரு கிட்டார் முடிவதைப் பார்த்தேன். பிறகு, வரும் ஞாயிறு திருத்தம் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"இப்பப் போட்டா நாளைக்கே பழக்கூடையோட வாசல்ல வந்து நிப்பார். கையெடுத்துக் கும்பிடுவார். நாலு பேர் முன்னால நானும் சரின்னு சொல்லியாகணும். நான் மவுத்தானப்புறம் போடுங்க. மன்னிப்புக் கேக்க வந்தா ஆள் இருக்கப்படாது."

என்னையாவது மன்னித்தீர்களா என்று கேட்டேன். "உங்களையுந்தான் மன்னிக்கலே தம்பி. டீயைக் குடிங்க, ஆறுது" என்றார்.

கோபத்தை இவ்வளவு ஒழுங்காகப் பராமரித்த வேறொருவரை நான் பார்த்ததில்லை. இறந்துபோன அவருடைய கணவரை மந்தம் என்று சொன்ன தையற்காரர் ஒருவர் அதே சந்தில் இருந்தார். அந்தக் கடை வாசலைத் தவிர்க்கப் பத்தொன்பது ஆண்டுகள் பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போனார். முட்டி வலி வந்த பிறகும் அந்த வழிதான். கால் வலிக்கிறதே என்றால், அது காலோட கவலை என்பார்.

விழாவுக்குப் பிறகும் பாஸ்கரனின் கிட்டார்களை அவர் தொடர்ந்து முடித்துக் கொடுத்தார். எனக்குப் புரியவில்லை. ஏன் இன்னும் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் கை சேரட்டும்" என்றார். வரைந்த தாள்கள் இப்போது அலமாரிக்குப் போகவில்லை. ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. வேலையைக் கெடுத்து அனுப்பத் தோன்றவில்லையா என்றும் கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாசிக்கப் போற புள்ள எனக்கு என்ன செஞ்சுது?"

கடைசி நான்கு மாதங்கள் மகள் வீட்டில் இருந்தார். பெட்டி கூடவே போனது. தாளில் இருந்த எண்களுக்கெல்லாம் நூர்ஜஹானை அழைக்கச் சொல்லி முகவரி வாங்கினார். எந்தக் கை யாருக்குப் போக வேண்டும், எது கடைசியில் போக வேண்டும் என்று வரிசை சொன்னார். ஒவ்வொரு தாளோடும் மகள் ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டியது இவ்வளவுதான்: இது உங்கள் கை. உங்கள் கிட்டாரை முடித்தது நான். கீழே அவருடைய பெயர். தன் மூச்சு நின்ற பிறகுதான் தபாலில் சேர்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், செம்பூர்க் கடையிலிருந்து இரண்டு பேர் சான்பாடாவுக்கு வந்தார்கள். பட்டறைக்குச் சொந்தமான தாள்கள் ஏதோ இருக்கிறதாமே என்று கேட்டார்கள். நூர்ஜஹான் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

"எங்க உம்மா துடைக்கிற அம்மாதானே, உங்க முதலாளியே எழுதியிருக்காரே. துடைக்கிறவங்ககிட்ட என்ன தாள் இருக்கப் போவுது?"

அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மொத்தம் முப்பத்தொரு கைகள். மறுநாளே முப்பது உறைகள் தபாலில் சேர்ந்தன. ரசீதுகளை எண்ணிப் பார்த்தேன். நான் பார்த்த தாள்களில் இருப்பது பாஸ்கரனின் கையெழுத்துதான். அவர் எனக்கு முன்பு எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டோடு ஒப்பிட்டேன். வந்து சேர்ந்ததாக இதுவரை இருபத்து நான்கு பேர் தெரிவித்திருக்கிறார்கள். ஆறு பேரை நேரில் பார்த்தேன்.

அவர்களில் ஒருவர் தாதரில் இருக்கும் தமிழ் இளைஞர். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவர். பேசுவார், தமிழ் படிக்கத் தெரியாது. பின்பக்கத்தை என்னைப் படிக்கச் சொன்னார். "சுண்டு விரல் குட்டை. எட்டாது. அந்தப் பக்கம் ரெண்டு தடவை கூட மழுக்கணும்" என்று எழுதியிருந்தது. அவர் தாளின் மேல் தன் கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"பாஸ்கர் அங்கிள் என் சுண்டு விரலுக்காகவே மூணு நாள் உக்காந்தேன்னார் சார். நான் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கினேன்."

பிறகு கைபேசியை எடுத்து, பாஸ்கரனோடு நின்று எடுத்துப் போட்டிருந்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

முப்பத்தொன்றாவது கை பாஸ்கரனுடையது. பாராட்டு விழாவுக்கு அடுத்த மாதம், கடையில் காட்சிக்கு வைக்கத் தனக்கென ஒரு கிட்டார் செய்துகொண்டார். ராத்தா வழக்கம்போலக் கை கேட்க, தன் கையைத் தானே வரைந்து அனுப்பினார். தான் முடித்தவற்றிலேயே சிறந்தது என்ற அட்டையோடு அது ஆறு ஆண்டுகளாகப் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. அந்தத் தாளின் பின்பக்கத்தை நூர்ஜஹான் எனக்குப் படித்துக் காட்டினார். "வாசிக்கிற கை இல்லை. எலும்புல பள்ளம் கீறினதோட சரி. இறக்கலை. எடுத்து வாசிச்சா தெரியும்."

பள்ளம் இறக்காத கிட்டாரில் கம்பி உயரத்தில் நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் விரல் நோகும், சுருதி ஏறிவிடும். வாசிக்கத் தெரிந்த யாருக்கும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ராத்தா என்னைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அதைக் கரைத்துவிட எனக்கு விருப்பமில்லை.

கடந்த வியாழக்கிழமை அந்தக் கடைசி உறையை நானே செம்பூருக்கு எடுத்துப் போனேன். பாஸ்கரன் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தாதர் இளைஞர் அந்தக் கிட்டாரை வாசித்துப் பார்க்க அனுமதிக்கும்படி ஒரு கடிதமும் கொடுத்தேன். சாவி வெளியூர் போயிருக்கும் மகனிடம் இருக்கிறது, செவ்வாய் காலை பதினொரு மணிக்குத் திறக்கலாம் என்றார். அதற்குள் வேறு யாரையாவது வைத்துப் பள்ளங்களை அராவிவிட்டால் என்ன செய்வீர்கள் மாமா என்று நூர்ஜஹான் கேட்டார். அராவட்டும். செவ்வாய் வரை ராத்தாவின் குறிப்பு சரி என்று நான் எழுத முடியாது. பள்ளங்கள் இறங்கியிருந்தால், எலும்பில் புதிய அரத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், அராவியவரின் பெயரைக் கேட்டு எழுதுவேன்.