ஓட்டுபவர் கையில்தான் சாவி

கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய பிக்கப்பைச் சரிசெய்த மெக்கானிக் பாய்க்குக் குட்டை உருவம், நரைத்த தாடி. எதைக் கழற்றினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி இறங்கும்போது முன்கண்ணாடி உட்புறம் திடீரென்று பனி படிந்தாற்போல் மூடிக்கொள்ள, என் மகள் வண்டியைத் தடுப்புச் சுவரில் மோதிவிட்டாள். நெற்றியில் ஆறு தையல். கவனமில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே அவளைத் திட்டினேன்.

மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டு, கீழே கிடந்த ஈரக் கோணியை எடுத்து முகர்ந்தார்.

“ஹீட்டர்லேர்ந்து கூலன்ட் தண்ணி ஒழுகிக்கினு இருந்திருக்குது சார். அந்த ஆவிதான் கண்ணாடிய மூடிக்கிச்சி. இந்தக் கோணி யாரு போட்டது? மழைத்தண்ணி இப்டியா இனிப்பா நாறும்?”

மழைத்தண்ணீர் என்று நினைத்து, ஒரு மாதமாக நான் மாற்றி மாற்றிப் போட்ட கோணி.

“பொண்ணுதான் போட்டா, பாய்,” என்றேன்.

அவர் புது ஹீட்டரை மாட்டினார். ஆனால் சாவியை என்னிடம் தரவில்லை. ஓட்டுபவர் கையில்தான் தருவாராம். மகளை வரவழைத்தேன்.

“உம்மேல தப்பு இல்லம்மா. மீதிய உங்கப்பா சொல்லுவாரு,” என்று சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் சொல்லி முடிக்கும்வரை மகள் வண்டியைக் கிளப்பவில்லை. கோணியைப் பற்றி நான் சொன்னது பொய் என்று மெக்கானிக்குக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.