அம்மா தட்டிப் பார்த்த வயிறு

அருப்புக்கோட்டையில் டாக்டர் என் வயிற்றின் மேல் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். டொம், டொம் என்றது. நரிக்குடிப் பக்கத்து எங்கள் ஆட்டுக்கொட்டில் நினைவுக்கு வந்துவிட்டது.

மழை பெய்த மறுநாள் ஆடுகள் இளம்புல்லை ஆசையாசையாக மேய்ந்துவிட்டு வயிறு உப்பி நிற்கும். அம்மா இடது விலாவுக்குப் பின்னால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பாள். டொம் என்றால் காற்று. மூங்கில் குழாயால் நல்லெண்ணெய் புகட்டி வயிற்றை நீவிவிடுவாள். ஆடு பெரிய ஏப்பமாக விடும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். சத்தம் மந்தமாக இருந்தால் மட்டும் அம்மாவின் முகம் மாறிவிடும். "உள்ள தண்ணி கோத்துருச்சு, தேறாது" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்வாள்.

ஒரு வருஷம் அம்மாவின் வயிறும் உப்பியது. "வாயுதான்" என்று அப்பா ஓமத்தண்ணீரும் கோலிசோடாவும் வாங்கிக் கொடுத்தபடி இருந்தார். ஏப்பம் வந்தது; வயிறு வற்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கொட்டிலுக்குள் போனேன். அம்மா ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தன் வயிற்றைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் நெல் மூட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தாயி, காத்துதான். ஓடிப்போயி ஒரு சோடா வாங்கிட்டு வா."

துள்ளிக்கொண்டு ஓடினேன். அந்தப் பொங்கலுக்கு அம்மா இல்லை.

"பயப்படாதீங்கம்மா, வெறும் காத்துதான்" என்றார் டாக்டர், என் வயிற்றிலிருந்து விரலை எடுத்தபடி.

"நெசத்தச் சொல்லுங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.