திரை மூலையில் ஒட்டிய அட்டை

லோபெட்டியைப் பற்றி எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் முதலில் சொல்வார்கள்: அக்காவுக்கு அப்படி மரியாதை கொடுத்த தம்பி ஆக்லாந்தில் இன்னொருவன் கிடையாது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான். அதனால் மீதியையும் நானே எழுதுவதுதான் முறை.

அவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வயதில் டோங்காவின் வவாவூ தீவிலிருந்து வந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. முதுகு போன பிறகு அதே இடத்தில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கொண்டுவரும் வேலை. மனைவி இறந்து பதினோரு வருஷம், பிள்ளைகள் இல்லை. அவள் போனதும் அவன் அக்கா லூசியானே தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவனோடு இருக்க வந்தாள். அவள் வந்த அன்றே அவன் தன் கட்டிலைக் கார் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. டோங்காக்காரர்களான எங்களில் வயது வந்த அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்க்கமாட்டார்கள். ஒருவர் சாமானை ஒருவர் தொடமாட்டார்கள். அக்கா எப்போதும் ஒரு படி மேல். இங்கே பிறந்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். லோபெட்டி சிரிக்கிற ஆள் இல்லை.

நான் பக்கத்து வீடு. முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தவள். அங்கே அலுவலகக் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து இவர்களுக்குக் கொண்டுவந்தேன். தீவில் இருக்கும் அம்மாவோடு முகம் பார்த்துப் பேசட்டும் என்றுதான். வரவேற்பறையில் வைத்து, இன்டர்நெட் இழுத்து, செய்தி அனுப்ப ஒரு கணக்கும் திறந்தேன். லூசியானே பெயரில். அந்த நேரம் அவள்தான் வீட்டில் இருந்தாள். இருவருக்கும் தனித்தனியாகத் திறக்கக் கால் மணி நேரம் கூடுதலாக ஆகியிருக்கும். என் வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒன்று போதும் என்று கிளம்பிவிட்டேன். எந்த வெள்ளைக்காரியும் செய்யலாம் அந்தத் தவறை, டோங்காக்காரி செய்யக்கூடாது.

ஆனாலும் ஓடியது. ஞாயிறு சபை முடிந்து வந்ததும் லூசியானே முதலில் பேசுவாள். அவன் வெளியே நிற்பான். பிறகு அவள் சமையலறைக்குப் போவாள், அவன் உள்ளே வருவான். அம்மா கலோலைனுக்கு எண்பத்தாறு வயது. உறவுக்காரப் பையன் மாஃபி தன் போனை அவள் கையில் கொடுத்தால் நேராகக் காதில் வைத்துக்கொள்வாள். ஆறு வருஷம் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் அவள் காதைத்தான்.

"அம்மா, போனைக் காதுலேருந்து எடு. மூஞ்சியைக் காட்டு."

"காதுல வைக்காம எப்படிடா கேக்கும்? என்ன சாப்பிட்டே?"

"லூ." கறியைத் தேங்காய்ப்பாலோடு சேம்பிலையில் கட்டி வேகவைப்பது.

"அவ தேங்காப்பாலை ஒழுங்கா ஊத்தினாளா?"

"கொஞ்சம் தண்ணியாத்தான்..."

"நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாதே."

சமையலறையிலிருந்து ஒரு மூடி டங்கென்று விழும். சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

ஒரு நாள் லோபெட்டி என் வாசலில் வந்து நின்றான்.

"சேலாக்கா, அந்தப் பொட்டியில நான் ரக்பி பாக்குறப்போ அக்காவுக்கு வர்ற செய்தியெல்லாம் ஓரமா எட்டிப் பாக்குது."

"பாத்தா பாக்கட்டும். நீ கண்ணை மூடிக்கோ."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படி ரக்பி பாக்குறது?"

அடுத்த வாரம் போனபோது திரையின் வலது கீழ் மூலையில் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தான். உள்ளங்கை அகலம்.

"பந்து அந்த மூலைக்குப் போனா என்ன பண்ணுவே?"

"வெளிய வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

பாய் முடையும் பெண்கள் குழுவில் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். தன் பங்குக்கு லூசியானேவும் சிரித்தாள், ஆனால் முகத்தில் பெருமை இருந்தது.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. டோங்கா அணிக்கு ஆட்டம். லூசியானே ஓட்டல் சலவைக்கூடத்தில் பகல் வேலையில் இருந்தாள். அங்கே போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; அந்தக் கணக்கும் போனில் இல்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். ஐந்தரைக்கு வீடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மாஃபியிடமிருந்து ஒன்பது செய்திகள். இந்த மாதிரிச் செய்தி எங்களில் முதலில் மூத்த மகளுக்குத்தான் போகும்; தம்பிக்கு அவள் சொல்வாள். அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், உங்களையே கேட்கிறாள், கூப்பிடுங்கள் அத்தை, கூப்பிடுங்கள். அவள் கூப்பிட்டபோது அம்மா இறந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு நான் ஓடினேன். லூசியானே தரையில் கிடந்தாள். லோபெட்டி வெளியே வேலியோரம் தூறலில் நின்றான். திரையில் அட்டை அப்படியே ஒட்டியிருந்தது. அதற்குள் நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். "தம்பி வீட்டில்தானே இருந்தான், பார்க்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அட்டையைக் காட்டினேன். "அக்காவுக்கு வந்ததை அவன் எப்படிப் பார்ப்பான்? மூடியில்ல வச்சிருக்கான்!" என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அடக்கத்துக்குப் போன இடத்தில் பெரியவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். திரும்பி வந்ததும் போதகர் பிரசங்கத்தில் இரண்டு தரம் சொன்னார். லூசியானேவே சொன்னாள்: "எங்கம்மாவை நான் கடைசியா பாக்கலை. ஆனா அவங்க வளர்த்த பிள்ளை எப்படின்னு ஊரே பாத்துச்சு."

அதன் பிறகு லோபெட்டி ஆண்களோடு காவா என்கிற வேர்ச்சாறு குடிக்கப் போவதை நிறுத்தினான். ரக்பியையும் நிறுத்தினான். துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். செப்டம்பரில் என் வீட்டு மழைநீர்த் தகரத்தைச் சரிசெய்ய ஏணியில் ஏறினான். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தது கண்ணில் பட்டது. முதியோர் இல்லத்தில் எடை குறைந்தால் உடனே காரணம் கேட்க வேண்டும். நான் இரண்டு மாதம் தாமதம்.

"எத்தனை கிலோ போயிருக்கு?"

"இன்னும் வேலையை விடலையா நீங்க?"

"எறங்கி வா. உக்காரு."

உட்கார்ந்தான். வெகு நேரம் கையிலிருந்த திருகாணிகளை எண்ணினான். பிறகு சொன்னான்: "அட்டையைத் தூக்கிப் பாத்தேன், அக்கா."

திருகாணிகளைப் படியில் வைத்தான்.

"விடாம மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மொதல்ல சத்தத்தைக் கொறைச்சேன். அப்புறம் தூக்கிப் பாத்தேன்."

"மணி என்ன?"

"ரெண்டு நாப்பது."

"எவ்வளவு படிச்சே?"

"ஒரு வரி. அம்மாவுக்கு மூச்சு விட முடியலை, அத்தையைக் கேக்குறாங்கன்னு. திரும்ப ஒட்டிட்டேன்."

"ஆட்டத்துக்காகவா?"

"பன்னெண்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. முடியட்டும்னு நெனச்சேன். முடிஞ்சதும் ஓட்டலுக்குப் பேசலாம்னு போனை எடுத்தேன். என்னன்னு சொல்றது? உனக்கு வந்ததைப் படிச்சேன்னா? அஞ்சரைக்கு அவளே வந்து பாத்துக்குவான்னு வச்சுட்டேன்."

ஓட்டலுக்குக் காரில் கால் மணி நேரம். கலோலைன் ஐந்து மணி ஐந்து நிமிஷம் வரை உயிரோடு இருந்தாள். கடைசி அரை மணி தவிர நினைவும் இருந்தது. அவனுக்கும் அது தெரியும். நான் கணக்குச் சொல்லிக் காட்டவில்லை.

"இத்தனை பேர் உன்னைத் தூக்கி வச்சுப் பேசுனாங்களே, ஏன் வாயைத் திறக்கலை?"

"நான் சொல்லலையே. நீங்கதான் மொதல்ல சொன்னீங்க. நீங்க சொன்னதும், அப்படியே இருந்துட்டாப் போதும்னு ஆயிடுச்சு."

அது உண்மை. எனக்கு வேண்டிய அளவு சுட்டது. கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டியதைக் கேட்காமல் சொன்னேன், அதுவும் பெருமையோடு.

"நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க," என்றான். "நான் எப்படி அவ முன்னால நின்னு..."

"முடியாது. நடுவுல நான் புகுந்தது ஒரு தரம் போதும். எங்க வேலையில ஒரு ஆள் கீழ விழுந்தா எப்படி எழுதணும் தெரியுமா? என்ன பாத்தே, எத்தனை மணிக்கு, என்ன செஞ்சே, என்ன செய்யலை. ஏன்னு கேட்டா மட்டும் ஏன். அந்த வரிசையில சொல்லு. அழுதா அவ உன்னைத் தேத்த வேண்டியிருக்கும். அதனால அழாதே."

"கல்லு மனசு உங்களுக்கு."

"ஆமா. திங்கக்கிழமை சொல்லு. நான் வர்றேன்."

திங்கள் மாலை லூசியானே சமையலறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். லோபெட்டி பின்வாசல் படியில், பாதி சாத்திய கதவுக்கு வெளியே நின்று, நான் சொன்ன வரிசையில் சொன்னான். குரல் ஒரே ஒரு இடத்தில்தான் தடுமாறியது. முடிக்கும் வரை அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை.

"அம்மா என்னைக் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுமா?"

"ஆமா."

"ஆட்டம் முடிஞ்ச பிறகுமா?"

"ஆமா."

"அந்த நேரம் நான் அங்க மேசைத் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், லோபெட்டி. மேசைத் துணி."

தேய்த்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள்.

"படிச்சதுக்கு நான் கோவிச்சுக்குவேன்னு நெனச்சியா? ஒரு நாள் கோவிச்சிருப்பேன். அதுக்கு மேல என்ன?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த நல்ல பேரை எல்லார் முன்னாலயும் வாங்கிக்கிட்டே. எல்லார் முன்னாலயும் திருப்பிக் குடு. அது வரைக்கும் எங்கிட்டப் பேசாதே." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சபையில எந்திரிச்சு நில்லுங்க, சேலாக்கா."

நின்றோம். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் முதலில் அவன், பிறகு நான். சபையில் விசிறிகள் நின்றுவிட்டன. போதகர் எதையோ சொல்ல வாய் திறந்து, பிறகு பாட்டின் எண்ணை மட்டும் அறிவித்தார். வெளியே வந்ததும் ஆண்கள் சிலர் அவனைக் கடந்து போனார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, "நானா இருந்தா வாயே திறந்திருக்கமாட்டேன்டா," என்றார். அது பாராட்டா, ஏளனமா, தெரியவில்லை.

கார் நிறுத்தத்தில் லூசியானே எங்களிடம் வந்தாள். லோபெட்டி கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"டிசம்பர்ல அம்மா கல்லறைக்குக் கல்லு வைக்கப் போறோம். ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்னு சொல்லுங்க. எனக்கு முன்வரிசை. அவனுக்குப் பின்னால."

அவள் போனதும் கேட்டேன், "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அங்க போயும் சொல்லணுமா, அக்கா?" என்றான்.

"யாருகிட்ட?"

"மாஃபிகிட்ட."

"ஒன்பது தரம் எழுதினவன் அவன்தானே," என்றேன். "ஏன் யாரும் பதில் சொல்லலைன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருப்பான். சொல்லு."

தலையாட்டிவிட்டு என் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.