செம்பனின் நெஞ்சைக் கேட்ட மருத்துவர்

கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நின்றிருந்தபோது முருகனின் அழைப்பு வந்தது. குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பராமரிப்பவர், வள்ளியூர்க்காரர். "சாரே, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க, கேட்டோ. காலைல ஆஸ்பத்திரியில வச்சு," என்றார். நான் ஏறவேண்டிய பேருந்து வந்து, போயும்விட்டது.

மதியத்துக்குள் பள்ளி நிர்வாகத்தின் இரங்கல் செய்தியும் கைபேசிக்கு வந்துவிட்டது. டாக்டர் பார்வதியின் படத்துக்குக் கீழே 'எங்கள் குதிரைகளின் காவல் தெய்வம்' என்று போட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை உள்ளே விடக் கூடாது என்று வாசல் காவலருக்கு உத்தரவு போட்டவர்களும் இவர்கள்தான். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். துக்கத்தைவிடக் கோபமே அதிகம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு என்மீது.

பார்வதியும் நானும் கால்நடை மருத்துவர்கள். தடை தாண்டும் குதிரைகளின் உடம்பைப் பயிற்சி என்ன செய்கிறது என்று அந்தப் பள்ளியில் சேர்ந்து கவனித்துவந்தோம். குதிரை கடைசித் தடையைத் தாண்டியதும் கூட்டம் கைதட்டும். பார்வதியின் வேலை அப்போதுதான் தொடங்கும். இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். பெருமை பொங்க நின்ற ஒரு தந்தையிடம், கோட்டைக்குள் தன் அக்ரஹாரத் தெருவில் பேசும் அதே தமிழில் ஒருமுறை சொன்னார்: "எவ்வளவு உயரம் தாண்டித்துன்னு கேக்காதீங்கோ. தாண்டினப்புறம் நெஞ்சு எத்தனை நிமிஷத்துல அடங்கறதுன்னு கேளுங்கோ." நல்ல பயிற்சியும் ஓய்வும் கிடைத்த குதிரைக்குத் துடிப்பு சீக்கிரம் இறங்கும். களைத்த குதிரைக்கு இறங்காது.

செம்பன் என்ற குதிரைக்கு இறங்கவில்லை. போட்டி நெருங்க நெருங்க ஓய்வே கொடுக்காமல் அவனைத் தாண்டவைத்தார்கள். அதே உயரம், அதே தடைகள். ஆனால் வாரத்துக்கு வாரம் அவன் ரத்தத்தில், உழைக்கும் தசைகளில் ஊறும் லாக்டிக் அமிலம் ஏறிக்கொண்டே போனது. பழகப் பழகக் குறையவேண்டியது அது. பார்வதி நேரே பள்ளிச் செயலாளரிடம் போய், செம்பனை நிறுத்தச் சொன்னார். மே மாதம், அதுவும் மதியப் போட்டி.

"ஒரே ஒரு ரவுண்டல்லே, மேடம்? சீஃப் கெஸ்ட் வர்றாரு," என்றார் செயலாளர்.

"வெயிலை மட்டும் சொல்லலை சார். இந்த ஊர் காத்துல எத்தனை ஈரம். வேர்வை காயலைன்னா உள்ள இருக்கற சூடு எங்க போகும்?"

போட்டிக்கு ஒரு மருத்துவரின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பார்வதி மறுத்தார். நான் கொடுத்தேன். செம்பன்மேல் ஏறப்போவது என் மகள். ஒரு வருடமாக அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். கொட்டில் பக்கம்கூடப் போகாமல், செயலாளரின் மேஜையிலேயே கையெழுத்திட்டேன்.

கடைசித் தடையைத் தாண்டி வெளியே வந்த செம்பன் பின்கால்கள் தள்ளாட நின்றான். மகள் இறங்கியதும் சரிந்தான். பார்வதி ஓடிவந்தார். "தண்ணி விடுங்கோ, நிறுத்தாதீங்கோ," என்று சொல்லிக்கொண்டே முருகனோடு சேர்ந்து வாளி வாளியாக ஊற்றினார். புடவையெல்லாம் சேறு. சாயங்காலத்துக்குள் செம்பன் செத்துப்போனான்.

மறுவாரம் நிர்வாகக் குழு கூடியது. பார்வதி அடிக்கடி ரத்தம் எடுத்ததால்தான் குதிரை பலவீனமாகிவிட்டது என்றார் செயலாளர். பரிசோதனைக்கு எடுத்தது சின்னக் குழாயளவு. அத்தனை பெரிய உடம்புக்கு அது ஒன்றுமே இல்லை. அந்த அறையில் அது தெரிந்த இன்னொருவன் நான். வாயைத் திறக்கவில்லை. பார்வதியை இனி உள்ளே விடக் கூடாது என்று முடிவானது.

வெளியே வந்ததும் பார்வதி கேட்டார்: "ஏன் கையெழுத்துப் போட்டேள்?"

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"சரி. இனிமே நெஞ்சைக் கேட்டுட்டுப் போடுங்கோ."

அந்தச் சான்றிதழைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, என்னைப் பேசத் தகுந்தவனாகவே நினைக்கவில்லையா, தெரியாது.

அடுத்த ஆண்டு போட்டிகள் விடியற்காலைக்கு மாறின. துடிப்பு இறங்காத குதிரையை அடுத்த சுற்றுக்கு விடக் கூடாது என்று கொட்டில் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லாம் அவர் சொன்னவை. அவர் பெயர் எங்கும் இல்லை. மேடையில் செயலாளர் அவற்றைத் தன் சீர்திருத்தங்கள் என்று பேசினார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் அளவுகளை எழுதிவைத்த குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை; கேட்பவர்களுக்குக் காட்டுவேன். செம்பனின் கடைசிப் பக்கத்தில், 'தாண்டவிடக் கூடாது' என்று பார்வதி எழுதியிருக்கிறார். அதன் கீழே, ஒப்புக்கொண்டு நான் போட்ட கையெழுத்து இருக்கிறது. அது புதன்கிழமை. சான்றிதழில் கையெழுத்திட்டது வெள்ளிக்கிழமை.